அவள் யாரிடம் சொல்வாள்? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி பதின்பருவத்துக் காதலைப் பற்றியவை. பெற்றோர் எழுதியிருக்கிறார்கள், பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள், ஓர் ஆசிரியையும் எழுதியிருக்கிறார். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய செய்திகளையும் நீக்கிக் கடிதங்களைச் சுருக்கி வெளியிடுகிறேன்.

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், வயது 16. விடியற்காலை எழுந்து பள்ளிக்குப் போனால், சிறப்பு வகுப்பு, டியூஷன் எல்லாம் முடிந்து இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். டியூஷனில் உடன் படிக்கும் பையனோடு ஐந்து மாதங்களாக வாட்ஸ்அப்பில் பேசி வந்திருக்கிறாள். தற்செயலாகப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் ‘சாப்பிட்டியா’, ‘இன்னும் தூங்கலையா’ என்பவைதான். ஆனால் ‘நீ இல்லாமல் என்னால் இருக்க முடியாது’ என்றும் எழுதியிருக்கிறாள். அடித்துவிட்டேன். செல்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு டியூஷனையும் நிறுத்திவிட்டேன். பள்ளிக்கு நானே கொண்டுபோய் விட்டு அழைத்து வருகிறேன். என் கணவருக்கு இன்னும் தெரியாது. பையன் வேறு சாதி. என் கொழுந்தனாருக்குத் தெரிந்தால் என்ன செய்வாரோ என்று அஞ்சுகிறேன். மூன்று வாரங்களாக மகள் என்னோடு பேசுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், கரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. மகளின் செல்பேசியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ‘சாப்பிட்டியா’, ‘தூங்கலையா’ என்ற விசாரிப்புகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் எதைத் தேடிப் போனாள் என்பதற்கான விடை அந்த வரியிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விடியலிலிருந்து இரவு எட்டு மணி வரை வெளியே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம், மதிப்பெண்ணைத் தவிர வேறு எதைப் பற்றியேனும் யாராவது கேட்டிருப்பார்களா? ஒருவன் கேட்டிருக்கிறான். தன் பசியும் தூக்கமும் இன்னொருவருக்குப் பொருட்டாக இருக்கின்றன என்பதை அறிவதில் இருக்கும் நிறைவை, நாம் எல்லோருமே ஏதோ ஒரு வயதில் ஏங்கித் தேடியிருக்கிறோம்.

அந்த வயதில் ஏக்கம் ஏன் இவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதற்கு உடலிலும் காரணம் உண்டு. உணர்ச்சியையும் இன்ப நாட்டத்தையும் இயக்கும் மூளைப் பகுதிகள் பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே விறுவிறுப்படைந்துவிடுகின்றன; விளைவை எண்ணிப் பார்த்து நிதானிக்கச் செய்யும் முன்மூளைப் பகுதியோ ஏறத்தாழ 25 வயது வரை மெல்ல மெல்லத்தான் முதிர்கிறது. ஏக்கம் முழு வலுவோடு முதலில் வந்துவிடுகிறது. அதைத் தாங்கும் பக்குவம் சில ஆண்டுகள் கழித்து வருகிறது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பக்குவத்தைப் பெரியவர்களாகிய நாம்தாம் பிள்ளைகளுக்குக் கடனாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாம் அதைக் கொடுக்கிறோமா? ஒரு பெண் பூப்படைந்தால், பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு வர, ஊரை அழைத்து மஞ்சள் நீராட்டு விழா நடத்துகிறோம். அவள் வளர்ந்துவிட்டாள் என்பதை அவள் படம் போட்ட பதாகை வைத்துத் தெருவுக்கே அறிவிக்கிறோம். பந்தலைப் பிரித்த மறுநாளிலிருந்து, அந்த வளர்ச்சி அவள் மனத்துக்குள் என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. பையன்களுக்கு அந்த ஒரு நாள்கூட இல்லை. குரல் உடைவதையும் மீசை அரும்புவதையும் கேலி செய்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள். சங்க இலக்கியத்தின் அகத்துறைகளைத் தேர்வுக்காக ஒப்பிக்க வைத்துவிட்டு, அவை நம் வீடுகளில் இன்றும் நடப்பவை என்பதை மிகத் தாமதமாக உணர்ந்தவள். மகள் மீது ஐயம் கொண்ட தாய் அவளை வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பதற்கு ‘இற்செறிப்பு’ என்று பெயர். அவள் மெலிவதன் காரணம் விளங்காமல், முருகன் அணங்கினான், அதாவது வருத்துகிறான், என்று கருதி, வேலன் எனப்படும் முருக பூசாரியை அழைத்து ஆடச் செய்வது ‘வெறியாட்டு’. நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது இற்செறிப்பு. அதனால் தலைவியின் காதல் தணிந்ததாக நான் படித்த நினைவில்லை; ஏக்கம் முன்னிலும் பெருகுகிறது, சில வேளைகளில் அவள் வீட்டை விட்டே போய்விடும் உடன்போக்கில் முடிகிறது.

அதே மரபில் வேறொரு வழியும் இருக்கிறது. அதற்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். தலைவி தன் மனத்தில் உள்ளதைத் தோழிக்குச் சொல்வாள். தோழி செவிலித்தாய்க்குச் சொல்வாள். செவிலி பெற்ற தாய்க்குச் சொல்வாள். தாய் அதைத் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உணர்த்துவாள். ஒரு பெண்ணின் உள்ளத்துக்கும் வீட்டின் அதிகாரத்துக்கும் நடுவில், பொறுமையாகக் கேட்பதற்கு மூன்று பெண்கள் இருந்தார்கள். அன்று அந்த வழி திருமணத்தை நோக்கிச் சென்றது; 16 வயதுப் பெண்ணுக்கு இன்று வேண்டியது படிப்பும் காலமும்தாம் என்பதால், அந்த முடிவை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு வழி இருந்தது என்பதைத்தான் நினைவூட்டுகிறேன். இன்றைய வீட்டில் தோழி என்பவள் உங்கள் மகளைப் போலவே குழம்பி நிற்கும் இன்னொரு 16 வயதுப் பெண். செவிலி இல்லை. அத்தையும் சித்தியும் வேறு வேறு ஊர்களில் இருக்கிறார்கள். ஆகவே பெற்றவளே செவிலியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது, சகோதரி. அது கடினம் என்பது எனக்குத் தெரியும்.

இன்றிரவே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘உன்னை அடித்தது தப்பு, பயத்தில் அடித்துவிட்டேன்’ என்று அவளிடம் சொல்லுங்கள். அதோடு ‘ஆனால் நீ மட்டும்…’ என்று எதையும் சேர்க்காதீர்கள். அவள் பதில் பேசாவிட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஓரிரு நாள் கழித்து, இருவரும் சேர்ந்து கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருக்கும்போது, அந்தப் பையனைப் பற்றிக் கேளுங்கள். அவனுக்கு எந்தப் பாடம் பிடிக்கும், இருவரும் எதைப் பற்றிப் பேசுவீர்கள், அவனிடம் உனக்குப் பிடித்தது என்ன என்று கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிப்பதைவிட, கைகள் ஏதோ வேலையில் இருக்கும்போது பிள்ளைகளுக்குப் பேச்சு எளிதாக வருகிறது. இப்படிக் கேட்டால் சம்மதித்ததாக ஆகிவிடுமோ என்று நீங்கள் அஞ்சக்கூடும். காது கொடுத்துக் கேட்டதற்காக ஒரு தாய் எதற்கும் கட்டுப்பட்டவள் ஆகிவிடுவதில்லை. அவள் சொல்லி முடித்த பிறகுதான், உங்கள் அச்சங்களைச் சொல்வதற்கு உங்களுக்கு இடம் கிடைக்கும்.

அவள் பேசத் தொடங்கிய பின் டியூஷனைத் திரும்பத் தொடங்குங்கள்; அவளுடைய படிப்பைத் தண்டனைக் கருவி ஆக்கக் கூடாது. செல்பேசிக்கு இருவரும் சேர்ந்து நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். இரவில் அது கூடத்தில் இருக்கட்டும். பள்ளிப் படிப்பு முடியும் வரை தனியிடத்தில் சந்திப்பதில்லை என்ற வாக்கை அவளிடம் பெறுங்கள். ஏன் என்பதையும் கூச்சப்படாமல் விளக்குங்கள். கருத்தரிப்பைப் பற்றியும், இந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையைப் பற்றியும் அவள் உங்களிடமிருந்து கேட்பது நல்லது.

கொழுந்தனாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கச் செய்தது அதுவே. 2016-இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, சாதி மாறி மணந்ததற்காக ஓர் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் அனைவரும் பார்த்தோம். அந்தப் பையனின் பெயரும் வீடும் உங்கள் உறவினர் எவருக்கும் தெரிய வேண்டாம். அவனும் ஒரு தாய் வளர்க்கும் பிள்ளை; ‘சாப்பிட்டியா’ என்று கேட்டதைத் தவிர அவன் வேறு குற்றம் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. யாரேனும் அவனை மிரட்டுவதாகவோ தாக்கப்போவதாகவோ உங்களுக்குத் தெரியவந்தால், குடும்ப மானம் என்று தயங்காமல் அந்த நிமிடமே 112 என்ற எண்ணை அழையுங்கள்.

கணவரிடம் சொல்லத்தான் வேண்டும். அவர் நிதானமாகக் கேட்கக்கூடியவர் என்றால், மகளிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, குற்றப்பத்திரிகை வாசிப்பது போலல்லாமல் சொல்லுங்கள். கோபத்தில் கை நீட்டுபவர் என்றால், அவர் மதிக்கும் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைச் சிறிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உறக்கம் கெட்டிருக்கிறதா, தனக்குப் பிடித்தவற்றையும் தொடாமல் இருக்கிறாளா என்று கவனியுங்கள். ‘செத்துப்போகலாம் போல இருக்கிறது’ என்று ஒருமுறை சொன்னாலும் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். அவளைத் தனியே விடாமல், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் ‘டெலிமானஸ்’ மனநல உதவி எண் 14416-இலும், தமிழக அரசின் 104-இலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவளுக்கு மட்டுமல்லாமல் உங்களுக்காகவும் நீங்கள் அழைக்கலாம்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன், வயது 17. எங்கள் பேருந்தில் வரும் ஒரு பெண்ணை இரண்டு வருடமாக விரும்பினேன். சென்ற மாதம் சொன்னேன். ‘எனக்கு அந்த எண்ணம் இல்லை, இனிமேல் என்னிடம் பேசாதே’ என்று சொல்லிவிட்டாள். விடாமல் பின்னால் போனால் மனம் மாறிவிடுவாள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தினமும் அவள் இறங்கும் நிறுத்தத்தில் நிற்கிறேன். படிப்பு ஏறவே இல்லை. என்னிடம் என்ன குறை?
– ஒரு மாணவன், விருதுநகர் மாவட்டம்

பதில்: தம்பி, நாளை முதல் அந்த நிறுத்தத்தில் நிற்காதே. உன் வலியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது காத்திருத்தல். அவள் பேருந்தின் சன்னல் வழியே பார்க்கும்போது அது வேறாகத் தெரியும். இன்றும் நிற்கிறானா, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடலாமா, வீட்டில் சொன்னால் பள்ளியை நிறுத்திவிடுவார்களோ என்று அவள் மனம் ஒவ்வொரு மாலையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். நீ நேசிக்கும் ஒருத்திக்கு நீயே அச்சத்தின் காரணமாக இருக்க விரும்ப மாட்டாய் என்று நம்புகிறேன். விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணை மறுபடி மறுபடி பின்தொடர்வது, நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் நண்பர்கள் சொல்லும் வழியைத் திரைப்படங்கள் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வந்திருக்கின்றன. உன்னைவிட உன் நண்பர்களுக்கு அதிகம் தெரியும் என்று நினைக்காதே. அவர்களும் அதே திரையரங்கிலிருந்து வந்தவர்கள்தாம்.

‘என்னிடம் என்ன குறை?’ என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியை எழுதும்போது உன் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒரு பெண்ணுக்கு ஒருவன் மீது விருப்பம் தோன்றாததற்கு அவனிடம் குறை இருக்க வேண்டும் என்ற தேவை இல்லை. உன் வகுப்பில் இருக்கும் எல்லாப் பெண்களையும் நீ விரும்பிவிடவில்லை. அதனால் அவர்கள் குறையுள்ளவர்கள் ஆகிவிடவும் இல்லை. ஒருபக்கம் மட்டும் தோன்றும் காதலுக்கு நம் இலக்கணம் ‘கைக்கிளை’ என்று பெயர் வைத்திருக்கிறது. தொல்காப்பியம் எண்ணும் ஏழு அகத்திணைகளில் அதுவும் ஒன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்தே மனிதர்கள் பட்டுவரும் துயரம் என்பதால்தான் அதற்கென ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. நீ தனியாக இல்லை.

வலி உண்மையானது. ஒருவர் புறக்கணிக்கப்படும்போது, உடல்வலியின்போது இயங்கும் மூளைப் பகுதிகளில் சிலவும் இயங்குகின்றன என்பதை மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று எவரேனும் சொன்னால் அதை ஏற்காதே. அழுகை வந்தால் அழு. ஆனால் கையைக் கீறிக்கொண்டு அவளுக்குப் படம் அனுப்புவது போன்ற செயல்களில் இறங்காதே. அதைக் காதலின் சான்று என்று உன் வயதுப் பையன்கள் சிலர் நினைக்கிறார்கள். அதைப் பெறும் பெண்ணுக்கு அது சுமையும் அச்சமும்தான். அண்ணனோ, மாமாவோ, உனக்குப் பிடித்த ஓர் ஆசிரியரோ, யாரேனும் ஒரு பெரியவரிடம் ஒருமுறை முழுவதையும் சொல்லிவிடு. வேறு நேரத்துப் பேருந்து இருந்தால் அதில் போ. படிப்பு உடனே ஏறாது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் புத்தகத்தின் முன் உட்கார்ந்தாலே இப்போதைக்குப் போதும். சில மாதங்களில் அவள் முகம் நினைவுக்கு வராத ஒரு மாலைப்பொழுது உனக்கு வரும். அது வந்ததுகூட மறுநாள்தான் உனக்குத் தெரியும்.

கேள்வி: நான் 10-ஆம் வகுப்பு மாணவி. இன்ஸ்டாகிராமில் 21 வயது என்று சொன்ன ஒருவர் ஏழு மாதமாகப் பேசுகிறார். வீட்டில் சண்டை நடக்கும்போதெல்லாம் அவர்தான் ஆறுதல் சொன்னார். நேரில் பார்த்ததில்லை. நம்பிக்கை இருந்தால் அனுப்பு என்று கேட்டதால் ஒரு படம் அனுப்பிவிட்டேன். இப்போது வேறு மாதிரிப் படம் கேட்கிறார். அனுப்பாவிட்டால் எல்லாவற்றையும் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார். பயமாக இருக்கிறது.
– ஊர், பெயர் வேண்டாம்

பதில்: அம்மா, உன் கடிதம் கிடைத்த அன்றே, நீ குறிப்பிட்டிருந்த வழியில் உனக்குச் சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். உன் நிலையில் இருக்கும் மற்றப் பெண்களுக்காக இங்கும் எழுதுகிறேன்.

இனி ஒரு படமும் அனுப்பாதே. ஒன்று அனுப்பினால் விட்டுவிடுவான் என்று தோன்றும். மிரட்டுபவன் ஒன்றோடு விட்டதில்லை. உரையாடல்களை அழித்துவிடாமல், அவனுடைய கணக்கின் பெயர் தெரியும்படி திரைப்படியெடுத்து (ஸ்கிரீன்ஷாட்) வைத்துக்கொள். அதன் பிறகு அவனைத் தடைசெய்துவிடு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்து நடந்ததைச் சொல். இணையக் குற்றங்களுக்கான எண் 1930. உனக்கு 18 வயது நிறையவில்லை; உன்னிடம் அப்படிப் படம் கேட்பதும் அதைச் சொல்லி மிரட்டுவதும் கடுமையான குற்றங்கள். சட்டத்தின் பார்வையில் நீ பாதிக்கப்பட்டவள். உன் பெயரும் முகமும் பள்ளியும் செய்தியில் வெளிவரக் கூடாது என்று, பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைக் காக்கும் போக்சோ சட்டம் தடை விதித்திருக்கிறது. உன் வாக்குமூலத்தைச் சீருடை அணியாத காவல் அதிகாரி, கூடியவரை ஒரு பெண் அதிகாரி, உன் வீட்டிலோ நீ விரும்பும் இடத்திலோ வந்து பதிவுசெய்ய வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

அப்பாவிடம் அவன் சொல்வதற்கு முன் நீ சொல்லிவிடுவது நல்லது. அதற்குத் துணிவு வரவில்லை என்றால் முதலில் அம்மாவிடமோ பாட்டியிடமோ சொல். நீ சொன்ன பிறகு அவன் கையில் இருக்கும் மிரட்டல் வலுவிழந்துவிடும்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் சண்டை நடந்த இரவுகளில் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொன்னவன் அவன் ஒருவன்தான். அவன் சொன்னது பொய்யாக இருக்கலாம். அவள் அழுதது பொய்யில்லை. வலை விரிப்பவர்கள் தேடுவது, வீட்டில் கேட்க ஆளில்லாமல் பேசத் தவிக்கும் பிள்ளைகளைத்தான்.

கேள்வி: என் மகனுக்கு வயது 19, கல்லூரியில் படிக்கிறான். 17 வயதுப் பெண் ஒருத்தியும் அவனும் விரும்புகிறார்கள். பெண் வீட்டார் போக்சோவில் வழக்குப் போடுவோம் என்கிறார்கள். இருவரும் மனமொத்து விரும்பினாலும் குற்றமா?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: ஒருவரை ஒருவர் விரும்புவதும் பேசிக்கொள்வதும் மட்டுமே குற்றமாகாது. ஆனால் உடல் சார்ந்த உறவு என்று வரும்போது, 18 வயது நிறையாதவரின் சம்மதத்தை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சம்மதமாகக் கொள்வதே இல்லை. பெற்றோரின் இசைவின்றி அவளை அழைத்துக்கொண்டு போனால் கடத்தல் வழக்கும் வரக்கூடும். திருமணம் செய்து வைத்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கும் அந்த வயது வரவில்லை.

சிறாரைச் சூறையாடுபவர்களுக்காக இயற்றப்பட்ட சட்டத்தில், காதலித்த பிள்ளைகளும் சிக்கிக்கொள்வதை நீதிமன்றங்கள் கவனித்தே வந்திருக்கின்றன. 16 வயதுக்கு மேற்பட்டோரின் மனமொத்த உறவை இந்தச் சட்டத்தின் கடுமையிலிருந்து விலக்குவதைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் ஒரு தீர்ப்பில் பரிந்துரைத்தார். 2021-இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஓர் இளைஞர் மீதான இத்தகைய வழக்கை ரத்து செய்தபோது, இவர்களைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமாக இருந்ததில்லை என்று கூறினார். ஆனால் 2023-இல் சட்ட ஆணையம், சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்றும், 16 முதல் 18 வரையிலானவர்களின் வழக்குகளில் தண்டனை அளிக்கும்போது நீதிபதிகள் சூழ்நிலையைக் கருதலாம் என்றும் அறிக்கை அளித்தது. ஆகவே ஒரு வழக்கில் பிற்பாடு கிடைக்கக்கூடிய கருணையை நம்பி, இன்று இருக்கும் எல்லையை மகன் மீறக் கூடாது. கல்லூரி வயதில் சிறையும் வழக்கும் என்னவெல்லாம் செய்துவிடும் என்பதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஓராண்டு பொறுப்பதும், அந்தப் பெண் பள்ளிப் படிப்பை நிம்மதியாக முடிக்க விடுவதும் அவளுக்கு அவன் செய்யக்கூடிய நல்ல செயல்கள். பெண் வீட்டாரை நீங்கள் தனியாகச் சென்று பணிவோடு சந்தித்து இந்த உறுதியை அளிக்க முடியுமானால், அச்சம் பெருமளவு தணியும். வழக்கு வந்தேவிட்டால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவியைப் பற்றிக் கேட்டறியலாம்.

கேள்வி: 15 வயதில் வருவது காதலா, வெறும் இனக்கவர்ச்சியா? எப்படி வேறுபடுத்துவது?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: ‘வெறும்’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. இதை வேறுபடுத்தக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். இனக்கவர்ச்சி என்று பெயரிட்டுவிட்டால் பேச்சை முடித்துவிடலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அது உறக்கத்தைக் கெடுக்கும் உண்மை. பெயரைத் தேடுவதைவிட, அவனோடு பேசிய பிறகு உனக்கு உன்னைப் பிடித்திருக்கிறதா, ‘வேண்டாம்’ என்று சொன்னால் அவன் பொறுத்துக்கொள்கிறானா, உன் தோழிகளிடமிருந்து உன்னைப் பிரிக்கிறானா என்று பார்ப்பது பயன் தரும். எந்த வயதிலும் இந்த மூன்றையும் பார்க்கலாம்.

கேள்வி: அரசு உதவிபெறும் இருபாலர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டைத் திருத்தும்போது, ஒரு பையனுக்கு அவள் எழுதிய கடிதம் உள்ளே இருந்தது. முதல் சில வரிகளைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மூன்று நாட்களாக என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டுமா? பெற்றோரை வரச்சொல்ல வேண்டுமா?
– ஓர் ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்குப் பல நாட்கள் ஆயின. காரணத்தைச் சொல்கிறேன்.

1996-இல், நான் பணிக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, இதே போல ஒரு கடிதம் ஒரு மாணவியின் தமிழ்க் குறிப்பேட்டில் எனக்குக் கிடைத்தது. அவள் பத்தாம் வகுப்பு. அரைப் பக்கக் கடிதம். நான் அதை முழுவதும் படித்தேன். பிறகு தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். அவளுடைய தந்தையை வரவழைத்தார்கள். வராந்தாவில் எல்லோரும் பார்க்க அவர் அவளை அடித்தார். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை; தை பிறந்ததும் திருமணம் நடந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பையன் தொடர்ந்து படித்தான். கடிதத்தில் நான்கு எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றைச் சிவப்பு மையால் நான் வட்டமிட்டிருந்தேன். தன் மனத்தை முதன்முதலாக எழுத்தில் வைத்த ஒரு பிள்ளைக்கு, அவளுடைய தமிழாசிரியை திருப்பிக் கொடுத்தது அந்த நான்கு வட்டங்களைத்தான். பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் அந்த வட்டங்கள் என் கண்ணில் நிற்கின்றன. அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

படித்த வரிகளில் பெரியவர் ஒருவர் அவளைத் துன்புறுத்துவதாகவோ, அவள் உயிருக்கு ஆபத்து இருப்பதாகவோ குறிப்பு இருந்தால், நீங்கள் மறைக்கக் கூடாது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அப்படி ஒன்றும் இல்லை என்றால், அது அவளுடைய கடிதம். தலைமையாசிரியருக்கும் அதில் வேலையில்லை, பெற்றோரை இப்போது அழைக்கவும் தேவையில்லை.

ஓர் உறையில் வைத்து ஒட்டி, மற்றப் பிள்ளைகள் போன பிறகு அவளிடமே கொடுங்கள். சில வரிகளைப் படித்துவிட்டதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேறு யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் சொல்லுங்கள். அவள் பயந்துபோய் உங்கள் முகத்தையே பார்க்க மாட்டாள். அந்த நேரத்தில் அறிவுரை எதுவும் வேண்டாம். எந்த நாள், எந்தப் பாடவேளையில் நீங்கள் நூலகத்தில் தனியாக இருப்பீர்கள் என்பதை மட்டும் தெரிவியுங்கள். அந்த வாரம் அவள் வர மாட்டாள். அடுத்த வாரமும் வராமல் இருக்கலாம். நீங்கள் அந்தப் பாடவேளையில் அங்கே இருங்கள்.